எட்டு நாள் தாடி

என் சித்தப்பாவின் கழுத்தில் எத்தனை கொப்புளங்கள் இருக்கின்றன என்று அந்த வருடம் எங்கள் லயத்தில் யாராவது கேட்டிருந்தால், சரியான பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்ததும் பின்னால் போய் நின்று எண்ணுவேன். இடது தாடைக்குக் கீழே எப்போதும் அதிகம். கொலர் உரசுகிற இடத்தில் சில நாள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தடிப்பாகிவிடும். அதை ஒன்று என்று எண்ணுவதா நான்கு என்று எண்ணுவதா என்பதில்தான் எனக்குக் குழப்பம் வரும். பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு எனக்குப் பாதிக்கு மேல் பிழைதான். ஆனால் இந்தக் கழுத்துக் கணக்கில் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எண்ணியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கொப்புளங்கள் எல்லாம் சித்தப்பாவுக்கு வந்தவை இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தியின் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வரவேண்டியவை அவை. இப்போது அப்பன் கழுத்தில் முன்னோட்டம் காட்டுகின்றன, பிறந்ததும் பிள்ளையின் முகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அம்மாவின் முடிவு. அம்மா முடிவு செய்துவிட்டால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் லயம். அப்பாவுக்குப் பால் வெட்டுகிற வேலை. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லாததால், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடாக எங்கள் இரண்டு காம்பரா வீட்டைத்தான் தேடி வந்தாள். கூடவே சித்தப்பாவும் வந்துவிட்டார். பிள்ளைப்பேற்றுக்குப் புருஷனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததை லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று சிரித்துத் தீர்த்தார்கள். சித்தப்பா கொழும்பு ரோட்டில் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த பீங்கான் கடையில் வேலை செய்தார். அவர்களுடைய தோட்டத்திலிருந்து போவதைவிட எங்கள் லயத்திலிருந்து போவது சுலபம் என்பதுதான் அவர் வந்ததற்கு உண்மையான காரணம். ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

வந்த முதல் நாளே அம்மா சட்டத்தை வாசித்துவிட்டாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது, இனிப் பிள்ளை பிறக்கும் வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, தலைமுடியிலும் கை வைக்கக்கூடாது. எங்களில் அது பழக்கம்தான். நான் பிறந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு வரை தாடி இருந்ததாம். என் தோல் மழமழவென்று இருப்பதற்கு அந்தத் தாடிதான் காரணம் என்று அம்மா வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் என் கன்னத்தைத் தடவிக் காட்டுவாள்.

சித்தப்பா எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். "சரிக்கா" என்றார். மறுநாள் விடிவதற்கு முன்னால் பீலிக்குப் போய், முகத்தை முழுக்க வழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னா தம்பி, நேத்துதானே சொன்னேன்?"

"கடையில ஒத்துக்க மாட்டாங்கக்கா. சாமான் வாங்க வர்றவங்க முகத்ததானே பாக்கிறாங்க."

"வயித்துப் புள்ளைக்கு மேலயா கடை?"

"சரிக்கா."

மறுநாளும் வழித்துக்கொண்டு வந்தார். இப்படியே ஒவ்வொரு நாளும் சரிக்கா என்பதும் வழிப்பதுமாக இரண்டு வாரம் போனது. கடை என்பது சித்தி பயப்படாமல் இருக்கச் சொன்ன சாக்கு. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அவர் என்னிடம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவருடைய அடையாள அட்டையை என் கையில் கொடுத்தார். அதில் மீசைகூட இல்லாத ஒரு மெலிந்த பையன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "இது யாரு சித்தப்பா?" என்று கேட்டேன். சிரித்தார். "பாத்தியா, உனக்கே தெரியல. தெனமும் பாலத்துக்கு முன்னுக்கு பொலிஸ்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி எறக்கி இதப் பாப்பாங்க, வடக்குல சண்டைதானே. மூஞ்சி இதுமாதிரியே இருந்தா போன்னுவாங்க. இல்லாட்டி ஆளு வேறன்னுவாங்க." நானும் சிரித்தேன். சித்தப்பாவைப் பார்த்து ஆள் வேறு என்று யாராவது சொல்ல முடியுமா? எனக்கு அது அவர் அடிக்கடி விடுகிற கதைகளில் ஒன்றாகத்தான் பட்டது. சித்திக்குச் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. அதை மறந்தும் போனேன்.

சித்தப்பாவின் தாடி முடி கம்பி மாதிரி, சுருட்டை வேறு. வழித்தால் வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்துகொண்டு நிற்கும். அவரோ விடியற்காலை இருட்டில், பீலியின் ஐஸ் தண்ணீரில், துணி தோய்க்கிற சவர்க்காரத்தைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டு, முனை மழுங்கிய பிளேட்டைக் கீழிருந்து மேலாக இழுப்பார். சொரசொரப்பு இருந்தால் திரும்பவும் அதே இடத்தில் இழுப்பார். அட்டையில் இருந்த பையனாக ஆகிவிடவேண்டும் என்ற அவசரம். பஸ் ஏறும்போது கழுத்து சிவந்திருக்கும், சாயங்காலம் வரும்போது பொங்கியிருக்கும்.

"பாத்தீங்களா, கத்தி யாரு மேல படுதுன்னு" என்று அம்மா சொல்லுவாள். சித்தி வயிற்றைத் தடவிக்கொள்வாள். அவளுக்குப் புருஷன் பக்கம் பேசுவதா அக்கா பக்கம் பேசுவதா என்று தெரியாது.

எனக்கு அந்தப் பிள்ளை மேல் அப்போதே உயிர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. வரப்போவது தங்கச்சிதான் என்று நானாகவே தீர்மானித்திருந்தேன். அவள் முகம் முழுக்கக் கொப்புளத்தோடு வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அம்மா சொல்வது சரியென்றால், சித்தப்பாவின் கழுத்தை ஆற்றினால் பிள்ளையின் முகமும் ஆறவேண்டும். இதில் என்ன பிழை என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருந்து தேடத் தொடங்கினேன். முதலில் தேங்காயெண்ணெய். நானே கையில் ஊற்றித் தேய்த்துவிட்டேன். மறுநாள் எண்ணிக்கை கூடியது. அடுத்தது கடை முதலாளி கொடுத்த நீல நிறத் தண்ணீர், கண்ணாடிப் போத்தலில் இருந்தது. சேவ் எடுத்த பிறகு போடவேண்டும், கொழும்பில் பெரிய ஆட்கள் எல்லாம் போடுவது என்றாராம். சித்தப்பா உள்ளங்கையில் ஊற்றிக் கழுத்தில் அறைந்தார். அடுத்த நொடி ஒற்றைக் காலில் நின்று ஊதினார், பிறகு மற்றக் காலுக்கு மாறினார், பிறகு பீலிக்கு ஓடினார். சித்திக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெரிய ஆட்களின் தோல் வேறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை தோட்டத்தில் முடி வெட்டுகிற பாபர் எங்கள் லயத்துக்கு வருவார். பலா மரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்காருவார். சித்தப்பா தானே சவரம் செய்கிறவர் என்பதால் பாபருக்கு அவர் மேல் ஒரு வருத்தம் உண்டு. நான் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாபர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் பார்த்தார்.

"இது சாமி குத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல தம்பி. நீங்க முடியோட சண்ட புடிக்கிறீங்க."

எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். சுடுதண்ணியில் துணியை நனைத்து முகத்தில் கொஞ்ச நேரம் போட்டு வைக்கவேண்டும், முடி இளகும். நல்ல சவர்க்காரம் நுரைக்க நுரைக்கப் போடவேண்டும். புது பிளேட். முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, கையை அழுத்தாமல், போன இடத்துக்குத் திரும்பப் போகாமல். பிறகு பச்சைத் தண்ணியில் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, படிகாரக்கல்லை ஒருதரம் தடவினால் போதும்.

"ஆனா அதெல்லாம் பொறகு. மொத இந்தப் புண்ணு ஆறணும். ஏழெட்டு நாளைக்கு ரேசரத் தொடாதீங்க."

"ஏழெட்டு நாளா? அது ஏலாதே."

"வருஷப் பொறப்புக்குக் கடை பூட்டுவாங்கதானே. அப்ப வுடுங்க."

நான் இடையில் புகுந்து, அப்படிச் செய்தால் பாப்பாவுக்கும் சரியாகிவிடுமா என்று கேட்டேன். எந்தப் பாப்பா என்றார் பாபர். சித்தி வயிற்றில் இருக்கிற பாப்பா என்றேன். பாபர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா பலா மரத்தைப் பார்த்தார். பிள்ளைக்காகச் சவரம் செய்யக்கூடாது என்கிறாள் அம்மா, முடி படுத்திருக்கிற பக்கமாகச் செய்தால் போதும் என்கிறார் பாபர். பிள்ளைக்கும் முடி படுக்கிற பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

தோட்டத்து எல்லைக்குக் கீழே ஒரு சிங்கள டீச்சர் இருந்தார். அவர் வீட்டு மதிலில் வரிசையாகக் கற்றாழைச் சட்டிகள். அவர்கள் கோமாரிகா என்பார்கள். அது தோல் எரிச்சலுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு மடல் கேட்கப் போனேன். டீச்சர் எங்கள் தமிழ் கொஞ்சம் பேசுவார், என்னைத் துவ என்று மகளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார்.

"யாருக்கு துவ?"

"பாப்பாவுக்கு."

"பாப்பாவுக்கு எத்தன மாசம்?"

"இன்னும் பொறக்கல."

டீச்சர் "அனே" என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் இரண்டு மடல் வெட்டித் தந்தார். வெட்டின இடத்தில் மஞ்சளாக வடிகிற பால் முழுக்கப் போகும் வரை நிறுத்தி வைத்துக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் அதுவே அரிக்கும் என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு முதன்முதலாகச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றார். மிச்சம் இருந்த மடலை என்ன செய்வது? நேரடியாகவே போட்டுவிடலாமே என்று தோன்றியது. சித்தி மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது அவள் வயிற்றில் தடவினேன். அவள் திடுக்கிட்டு எழுந்து, "என்னாடி இது, சளி மாதிரி" என்றாள். பாப்பாவுக்கு மருந்து என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள், பிறகு சேலையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "இந்தப் பக்கமும் போடு" என்று திரும்பப் படுத்துக்கொண்டாள்.

சித்திரை வருஷப் பிறப்புக்குக் கடையை எட்டு நாள் பூட்டினார்கள். பாபர் சொன்னபடி சித்தப்பா ரேசரைத் தொடவில்லை. ஆனால் பாபர் சொன்னதற்காகத்தான் தொடவில்லை என்று அவர் வீட்டில் சொல்லவில்லை. அம்மா, தன் பேச்சு கடைசியில் எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. முறுக்குச் சட்டியில் உடையாத முறுக்கெல்லாம் சித்தப்பாவுக்கு. "தாடி வச்சா எங்க தம்பிக்கு என்னா ஒரு களை" என்று அக்கம்பக்கத்தில் காட்டினாள். சித்தப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தொன்பது, பதினான்கு, ஒன்பது. தாடி அடர்ந்த பிறகு விரலால் விலக்கி எண்ணவேண்டியிருந்தது. எட்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. கழுத்து முழுக்கத் தடவிப் பார்த்தேன், பிசகில்லை. அம்மா சொன்னதுதான் சரி. கத்தி படவில்லை, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது. அதே எட்டு நாளை பாபரும்தான் சொன்னார் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அன்று பின்னேரம் சித்தப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் புது பிளேட் பேக்கட்டும் படிகாரக்கல்லும் வாங்கி வந்தார். ரேசரில் ஒரு பிளேட்டைப் பூட்டிச் சவர்க்காரப் பெட்டியில் வைத்து, ஜன்னலில் எடுத்து வைத்தார். "நாளைக்குப் பாரு, பாபர் சொன்ன மாதிரியே செய்யிறேன். ஒரு பொட்டுக்கூட வராது" என்றார் என்னிடம். எட்டு நாள் நிம்மதியாக இருந்த பிள்ளையை மறுபடியும் சிவக்கவைக்கப் போகிறார். அம்மாவிடம் சொன்னால் அவள் சத்தம் போடுவாள், அவர் சரிக்கா என்பார், விடிந்ததும் வழிப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த கதை.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ரேசரை எடுத்தேன். முழுதாக எடுத்தால் களவு. அதனால் திருகிக் கழற்றி, பிளேட் இருக்கிற தலையை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பிடியைப் பெட்டியிலேயே வைத்தேன். பாதி எடுத்தால் பாதிப் பாவம்தான் என்று ஒரு கணக்கு. லயத்துக்குப் பின்னால் அப்பா பால் வெட்டுகிற மரங்கள். காலையில் பால் சேர்த்துக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அப்படி மரத்தில் கட்டியிருந்த ஒரு சிரட்டையில் கால்வாசிக்கு மேல் பால் நின்றது. தலையை அதற்குள் போட்டேன். வெள்ளைக்குள் மறைந்துவிட்டது. ஒரு இலையையும் மேலே மூடிவிட்டு வந்து, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நல்ல காரியம் செய்த பெருமையில் எழுத்தெல்லாம் அழகாக வந்தது.

விடியற்காலை சித்தப்பா பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் என் தலைமாட்டில் வந்து நின்றது தெரிந்தது. என்னை எழுப்பவில்லை. வெறும் பிளேட்டை விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தாரோ என்னவோ, விடிந்ததும் பார்த்தபோது ஜன்னலில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது. கீழ் ரோட்டில் முதல் பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடினார்.

அன்றைக்குச் சாயங்காலம் எண்ணுவதற்குக் கழுத்து வரவில்லை.

கடைசி பஸ்ஸின் கொண்டக்டர், ஒரு சிங்களப் பொடியன், பஸ்ஸை ரோட்டில் நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து அப்பாவிடம் சொன்னான். பாலத்துச் சாவடியில் காலையில் இறக்கிவிட்டார்கள். அட்டையில் இருக்கிற ஆளும் இவரும் ஒன்றில்லை என்றார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், நல்ல சிங்களத்தில்தான் சொன்னாராம். "அந்தத் தாடிதான். தாடி எடுத்திருந்தா விட்டிருப்பாங்க" என்றான். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா கையில் அரிசிச் சுளகு இருந்தது. அதைக் கீழே வைக்காமல் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிற தாடி, அதே தாடி எப்படி அப்பனைப் பிடித்துக் கொடுக்கும்? அட்டையில் இருந்த மெலிந்த பையன் அப்போதுதான் ஞாபகம் வந்தான். சிரித்தது ஞாபகம் வந்தது. ரேசர் தலையைக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்துவிட்டால், இதனால்தான் அவர் வழிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. மறுநாள் அம்மாவும் அப்பாவும் பொலிசுக்குக் கிளம்பிய பிறகு மரத்துக்கு ஓடினேன். பால் உறைந்து, தலை அதற்குள் கெட்டியாக மாட்டிக்கொண்டிருந்தது. சிரட்டையிலிருந்து கட்டியாகத்தான் கழன்றது. நகத்தால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன், கல்லில் தேய்த்தேன். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கிக்கொண்டது. கடைசியில் அந்தக் கட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மாவோடு டீச்சரும் போயிருந்தார். நான் மடல் கேட்டுப் போன கதையைச் சொல்லி, அவர் பெண்சாதிக்கு மாசம், எங்கள் ஆட்களில் அதற்காகத்தான் தாடி விடுவது என்று டீச்சர்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்தினாராம். தோட்டத்துத் துரையின் கடிதம் ஒன்றும் கடை முதலாளியின் வாய்ச்சொல்லும் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா வந்தார். சட்டையில் அழுக்கு, முகத்தில் பதினொரு நாள் தாடி. அடித்தார்களா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "இல்லத்தான். கேட்டதையே கேட்டாங்க. சிமெந்துத் தரைதான் குளிரு" என்றார். சித்தி அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பிறகு அவர் பீலிக்குக் குளிக்கப் போனபோது நானும் பின்னால் போனேன். கட்டியை நீட்டினேன். வாங்கி, அமுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளேட்டின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏன் புள்ள?"

"பாப்பாவுக்குக் கொப்புளம் வரக்கூடாதுன்னு."

கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குள் அம்மா துவாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளிடம் நான் ஒரு நாளும் கேட்டிராத குரலில், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பி, அன்னிக்குக் கடை தொறந்த நாளு... ஏன் சேவ் எடுக்காம போனீங்க?"

சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானேக்கா வேணான்னீங்க. எத்தன நாளைக்குத்தான் ஒங்க பேச்சக் கேக்காம இருக்கிறது."

அம்மா துவாயைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் விடியற்காலை நான் எழுந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சட்டியில் சுடுதண்ணீரையும் வெள்ளைத் துணியையும் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். புது ரேசர், நுரைக்கிற சவர்க்காரம், படிகாரக்கல். லயமே பார்க்க வாசலில் சித்தப்பாவை உட்காரவைத்தாள். "துணியப் போட்டு வைங்க தம்பி, முடி எளகட்டும். கீழ்ப் பக்கமா இழுங்க. போன எடத்துக்குத் திரும்பப் போகாதீங்க" என்றாள். பாபரிடம் எப்போது போய்க் கேட்டாளோ தெரியாது. ஒரு வாரத்துக்குள் எங்கள் வாசலில் பால்மா டின்னில் ஒரு கற்றாழை முளைத்தது, டீச்சர் வீட்டுக் கன்று.

சித்தப்பாவின் கழுத்தில் அதற்குப் பிறகு ஒரு கொப்புளம் வரவில்லை. எனக்குத்தான் எதுவும் விளங்கவில்லை. கத்தி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னவளே கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள். "அப்ப பாப்பா?" என்று கேட்டேன். "பேசாம இரு" என்றாள். அவ்வளவுதான் விளக்கம்.

அடுத்த மாதம் பிள்ளை பிறந்தது. நான் தீர்மானித்தபடி தங்கச்சிதான். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். பிறந்த பிள்ளைகள் பாதிக்கு இப்படி வரும், ஒரு கிழமையில் போய்விடும் என்று நர்ஸ் அம்மா சொன்னார், போயும் விட்டது. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லுவாள், இதோ சொல்லுவாள் என்று. கத்தியைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை.

அந்தத் தங்கச்சி இப்போது வேலைக்குப் போகிறாள். சித்தப்பா எப்போது எங்கள் வீட்டில் தங்கினாலும், விடியற்காலை அவர் எழுவதற்கு முன்னால் வாசலில் சுடுதண்ணீர் இருக்கும். "வேணாக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். பாலத்துச் சாவடி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மாவின் சுடுதண்ணீர் நிற்கவில்லை. பெரியவளான பிறகு நான்கூட, உன் தங்கச்சி புருஷனுக்கு நடக்கிற ராஜ உபசாரத்தைப் பார் என்று அம்மாவைக் கேலி செய்திருக்கிறேன்.

நான் மாசமாக இருந்தபோது என் கணவர் நல்ல பிள்ளையாகத் தாடி விடத் தொடங்கினார். அம்மா பார்த்த அன்றைக்கே புது பிளேட் ஒன்றை அவர் கையில் வைத்தாள். "எடுத்துருங்க தம்பி. என் வாயால ஒரு மனுஷன் மூணு நாள் சிமெந்துத் தரையில கெடந்தது போதும்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது உன் வாய் இல்லையம்மா, என் கை என்று சொல்ல எழுந்தேன். அவள் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, இன்றுவரை சொல்லவில்லை.

சித்தப்பா அன்றைக்குப் பீலியடியில் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்பது ஒன்பது வயதிலேயே எனக்கு விளங்கியது. அவர் என்மேலிருந்து எடுத்த பழியை, துவாயோடு நின்ற அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள் என்பதுதான் அப்போது விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா கல்லின் மேல் வைத்துவிட்டுப் போன துவாயை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் லயம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினேன். வழியில் அம்மாவைத் தாண்டித்தான் ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை.